ஏழு நாள் கூடுதல்

புள்ளிப் பெட்டையை இரண்டு கையாலும் வளைத்து அடைக்கூடையிலிருந்து தூக்கியபோது கையில் கனமே தெரியவில்லை. வெறும் இறகைத் தூக்கினாற்போல இருந்தது. கோழி உள்ளேயே தங்கிவிட்டதோ என்று வினோதினி ஒரு கணம் கூடைக்குள் குனிந்துகூடப் பார்த்தாள். வைக்கோல் மேல் நான்கு வாத்து முட்டைகள்தான் கிடந்தன, பச்சை பாய்ந்த வெளுப்பில், பெரிதாக, எந்த அவசரமும் இல்லாமல். மார்பெலும்பு உள்ளங்கையில் அரிவாள்மணை மாதிரி உரசியது. அடை வைத்த அன்று இதே கோழியைத் தூக்கியபோது தளதளவென்று திமிறியது, கையில் ஒரு கொத்து வேறு வைத்தது, கொண்டை பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. இப்போது கொண்டை வெந்த தோல் மாதிரி சரிந்து கிடக்கிறது. கொல்லையில் முருங்கை நிழலில் இறக்கிவிட்டாள். இரண்டடி நடந்து நின்று, ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை மொத்தமாக இறக்கியது. அந்த நாற்றத்துக்குப் பேர் வைக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லாருடி ஆத்தா" என்றாள் வினோதினி. ஒரு கொட்டாங்கச்சியில் நொய்யும் கம்பும், இன்னொன்றில் தண்ணீர். கால் மணி நேரம். அதற்கு மேல் வெளியே விட்டால் முட்டை ஆறிப்போகும் என்பது அத்தையின் சட்டம். அத்தை நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள், வர ஒன்றரை இரண்டு ஆகும். அதுவரை சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியது வினோதினி. உள்ளே தூளியில் மதி தூங்குகிறாள். பிறந்து தொண்ணூறு நாள் ஆகிறதா, தொண்ணூற்றிரண்டா. கட்டிலுக்கடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஆறு குஞ்சுகள் தூங்குகின்றன, அல்லது தூங்குகிற மாதிரி இருக்கின்றன. எல்லோரும் தூங்குகிறார்கள். தூக்கம் என்று மனதுக்குள் சொன்னாலே போதும், கண் இமைக்கு அது காதில் விழுந்துவிடுகிறது, உடனே இறங்க ஆரம்பிக்கிறது. தூங்கக் கூடாது. உட்காரக்கூடக் கூடாது. சுவரில் சாய்ந்து நின்றுகொள்ளலாம்.

இருபத்தொன்று. இருபத்தொன்றும் ஏழும் இருபத்தெட்டு. காலையிலிருந்து இந்தக் கணக்குதான் பல்லில் மாட்டிய கீரை நார் மாதிரி நாக்கு போய்ப் போய் அதையே தொட்டுக்கொண்டிருக்கிறது. கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அம்மா வீட்டில் வாத்து முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் கோழி முட்டையைச் சேர்ப்பார்கள், இரண்டும் ஒரே நாளில் உடைத்துக்கொண்டு வரும். அதை அத்தையிடம் சொல்லவும் சொன்னாள். எங்கே நின்று சொன்னாள் என்றுகூட ஞாபகம் இருக்கிறது, இதே கூரைச் சார்ப்பில், அத்தை கூடைக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள், அடியில் ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் இடிக்குக் காவலாக வைத்துக்கொண்டிருந்தாள். "அடைய ரெண்டு தடவ தொறக்கக் கூடாது. ஒரே கை, ஒரே பொழுது. வெள்ளிக்கெழமை சாயந்தரம் வச்சா வச்சதுதான்." "அத்த, வாத்துக்கு நாளு கூடுதலு அத்த." "மூணு வாரம்னா எல்லாத்துக்கும் மூணு வாரந்தான். வாத்து என்ன மாடா?" அதற்கு வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி சொல்லியிருப்பாள், இரண்டு முறை மூன்று முறை சொல்லியிருப்பாள், அந்த நேரம் பார்த்து மதி வீரிட்டாள், உள்ளே ஓடினாள், பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றி, மறுபடி பால் கொடுத்து வெளியே வந்தபோது ஏழு கோழி முட்டையும் நாலு வாத்து முட்டையும், ஆகப் பதினொன்று, ஒற்றைப்படை, பெட்டைக்கு அடியில் போய்விட்டிருந்தன. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்ல அன்றைக்கு உடம்பில் தெம்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு வாக்கியச் சோம்பலுக்கு ஏழு நாள் தண்டனை, அதுவும் தனக்கில்லை, இந்தக் கோழிக்கு.

பெட்டை இன்னும் தின்னவில்லை. தண்ணீரில் அலகை வைத்தது, தலையை நிமிர்த்தி விழுங்கியது, விழுங்கிய பிறகும் நிமிர்த்திய தலையை இறக்க மறந்துபோய் நின்றது. அது அவளுக்குப் புரிகிறது. நேற்று அவளும் பல் விளக்கப் போய் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நின்றாள். "தின்னுடி" என்றாள். "தின்னு, நொய்யெல்லாம் காக்காய்க்குப் போவுது." அத்தை ஒன்றும் கெட்டவள் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்திருந்தால் நேற்றைக்கே முடிந்திருக்கும். இவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வெறும் தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவள், நர்சிடம் சண்டை போட்டு வெந்நீர் வாங்கியவள், தனக்கென்று எதையும் இதுவரை கேட்டதில்லை, ஒரு ஜாக்கெட் துணிகூட. புயல் வந்த வருஷம் இந்த வீட்டில் பன்னிரண்டு வாத்து இருந்ததாம், ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். இதை அத்தை சொல்லவில்லை, கல்யாணமான புதிதில் புருஷன் வாணன்தான் சொன்னான். இப்போது அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் மந்தையை இறக்கியதும், அத்தை காலையில் வரப்பில் போய் நின்றவள் வெயில் ஏறும்வரை நின்றாளாம். தூக்குவாளியில் வைக்கோல் போட்டு நாலு முட்டையோடு வந்தாள். "இதையும் வச்சிரு" என்றாள், அவ்வளவுதான், ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆசைப்பட்டது தெரிந்துவிடுமோ என்று வெட்கப்படுகிற மனுஷிக்கு எப்படி இல்லை என்று சொல்வது.

நேற்றுக் காலை முதல் ஓடு கீறியபோது அத்தைதான் முதலில் பார்த்தாள். மூன்று குஞ்சு காலையில், இரண்டு மத்தியானம், ஒன்று இன்றைக்கு விடிகிறபோது. ஏழாவது கூமுட்டை. நேற்று மத்தியானம்வரை வாத்து முட்டைகள் அசையவில்லை, வாயே திறக்கவில்லை. அத்தை வாத்து முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் வினோதினியைப் பார்த்தாள். "நீ அன்னைக்கு என்னமோ சொன்னியே, எத்தன நாளு?" "இருவத்தெட்டு அத்த." அத்தை ஈரம் காயாத குஞ்சை பெட்டைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள், ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கினாள். "கோழிக்குக் கணக்குத் தெரியாது. இன்னும் பொரிக்கலன்னு நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஏழு நாளு இதுங்கள உள்ள வச்சி நீ பாத்துக்க." நீ பாத்துக்க. அந்த இரண்டு சொல்லை இந்த வீட்டில் யார் சொன்னாலும் அது நேராக வினோதினியின் மடியில் வந்து விழும். வாணன் ஆந்திராவிலிருந்து போன் பண்ணி, அறுவடை மெஷின் சத்தத்துக்கு நடுவில், புள்ளைய நீ பாத்துக்க, அம்மாவ நீ பாத்துக்க, நீ சிரிச்சாத்தான் வினோ எனக்கு இங்க வண்டி ஓடுது என்பான். சிரிப்பாள். சிரிப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை, அது தானாக வரும், பிறந்ததிலிருந்தே அப்படி. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. சிரிக்கிறவளுக்கு அசதி இருக்கும் என்று யார் நினைப்பார்கள். குஞ்சைப் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை, நொய்யை மூடியில் போட்டால் கொத்தும், பங்குனி வெயிலுக்குச் சூடும் வேண்டாம். சத்தம்தான். அது கீச்சென்றால் பெட்டை கூடையிலிருந்து க்ளுக் என்கிறது. இது க்ளுக் என்றால் அது கட்டிலுக்கடியிலிருந்து கீச்சென்கிறது. நடுவில் மதி. நேற்றிலிருந்து இந்தச் சத்தம் எழும்போதெல்லாம் வினோதினி கதவைச் சாத்துகிறாள். சாத்துகிறபோது பெட்டையின் கண்ணைப் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அத்தை காலையில் ஒன்று சொன்னாள், கோழி குஞ்சை மிதித்துக் கொன்றுவிடுவதும் உண்டு, அசந்துபோன கோழி அடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாமல் மிதிக்கும், அதனால் எடுத்து வைத்ததே நல்லது என்று. அசந்துபோன கோழி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாயில் ஒருக்களித்துப் படுத்து மதிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தாள், அதில் ஒரு இறக்கை மட்டும் கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள், துடைக்க வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். விழித்தபோது மார்பு பிள்ளையின் முகத்தின் மேல் கவிந்திருந்தது. மூக்கு தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இழுத்து எடுத்தாள், மதி வாயைத் திறந்து, சத்தமே வராமல் ஒரு கணம், பிறகு தும்மியது. ஒரே ஒரு தும்மல். பிறகு சிரித்தது, மூன்று மாதப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. சொன்னால் அது நடந்ததாக ஆகிவிடும். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் பால் கொடுக்கிறாள், சுவரில் சாயாமல், தொடையைக் கிள்ளிக்கொண்டு. தொடையில் பாசிப்பயறு மாதிரி வரிசையாகக் கறுத்துப்போயிருக்கிறது.

"என்னடி வினோ, நின்னுக்கிட்டே தூங்குற? குதிரைக்குப் பொறந்தவளா நீ?"

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜகுமாரி அக்கா, பக்கத்து வீடு, ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"தூங்கலக்கா. கண்ணுக்குக் கொஞ்சம் நெழல் குடுத்தேன்."

"அது சரி, உங்க பெட்ட இன்னுமா அடையில கெடக்கு? பாரு எப்படி இருக்குன்னு. சட்டியில போட்டா சாறுகூட எறங்காது போலருக்கே."

"எடையெல்லாம் எறகுதாங்க்கா. ஊதுனா பறந்துரும்."

அப்போது பார்த்து உள்ளேயிருந்து கீச், கீச், ஒன்று ஆரம்பித்து ஆறும் சேர்ந்துகொண்டன. பெட்டை தலையைத் தூக்கியது.

"குஞ்சு சத்தம்ல கேக்குது?"

"டிவியிலக்கா. கோழிப்பண்ணை காட்டுறான்."

"கரண்டு போயி ஒரு மணி நேரமாவுதுடி."

வினோதினிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு போய், ஏனோ கண் கரித்தது. எல்லாவற்றையும் சொன்னாள், வாத்து முட்டை, ஏழு நாள், அட்டைப்பெட்டி. ராஜகுமாரி அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்தாள். "உங்க மாமியாக்கு வாத்துப் பைத்தியம் புடிச்சிருச்சா? எங்க பெரியம்மா வீட்டுல இப்படித்தான் ரெண்டு நாளு பிரிச்சி வச்சிட்டு அப்புறம் விட்டாங்க. தன் குஞ்சுன்னே தெரியல அதுக்கு. கொத்துச்சு பாரு, ஒண்ணுக்குக் கண்ணு போச்சு, ஒண்ணு அப்பவே செத்துச்சு. இன்னைக்கு விட்டா சேத்துக்கிட்டாலும் சேத்துக்கும். நாளைக்கின்னா சொல்ல முடியாது. ஏழு நாளுல்லாம், ம்ஹும்." துணியை மறுபடி உதறினாள். "அதுக்குள்ள இதுவும் கூடையிலேயே காஞ்சி கெடக்கும். நான் சொன்னேன்னு உங்க அத்தகிட்ட சொல்லிடாத, என் கொடல உருவிருவா." போய்விட்டாள்.

இன்றைக்கு. ராஜகுமாரி அக்காவுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அவள் துணி காய்ந்துவிடும். இன்றைக்கு விட்டால் வாத்து போச்சு. நாளைக்கு என்றால் குஞ்சுகளுக்குத் தாய் போச்சு, அதற்குப் பிறகு தாயே போச்சு. நாலு முட்டையில் ஒன்றை நேற்று உள்ளங்கையில் வைத்திருந்தபோது உள்ளே யாரோ புரண்டு படுத்த மாதிரி ஒரு அசைவு. அது தெரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அத்தை வருகிறவரை காத்திருந்து கேட்கலாம். கேட்டால் அத்தை ஒன்றும் சொல்லமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, உனக்கு எப்படித் தோணுதோ செய்யி என்பாள். அதைக் கேட்டுவிட்டு இவளால் செய்ய முடியாது, பெட்டையைத் தூக்கிக் கூடையில் வைத்துவிடுவாள், நாளைக்கும் தூக்குவாள், மறுநாளும், ஏழாம் நாள் கையில் என்ன இருக்கும். கால் மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. பெட்டை நொய்யைத் தொடவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்து, காலை எங்கே ஊன்றுவது என்று யோசித்து யோசித்து, கூடை இருந்த சார்ப்பைத் தாண்டி, வீட்டு வாசற்படிக்கு வந்து நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்து உள்ளே பார்த்தது. பிறகு மறுபக்கம் சாய்த்து வினோதினியைப் பார்த்தது. கோழிக்குக் கணக்குத் தெரியாதுதான். அது ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை, கேட்கிறது, அவ்வளவுதான், உள்ளே ஒரு சத்தம் இருக்கிறது, கூடையில் அது இல்லை. வினோதினி வழக்கம்போலக் கதவைப் பிடித்தாள். சாத்த வேண்டிய கை சாத்தாமல் நின்றது. பிறகு அவளே குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

ஒன்றை எடுத்தாள், இன்று விடிகாலையில் வந்ததை, எல்லாவற்றிலும் புதிதை. அதைத் தரையில் விட்டு, அதற்கும் பெட்டைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நிறுத்தினாள். அலகு மின்னலாக வந்தது. கையில் பட்டது, கட்டைவிரல் ஓரம் ரத்தம் முளைத்தது. ஐயோ, அதற்குள்ளேயா, சேர்க்காதா, கொத்திவிடுமா. இரண்டாவது கொத்து கையைத் தாண்டிப் போய்க் குஞ்சின் முதுகைத் தொட்டது, குஞ்சு உருண்டு விழுந்து கத்தியது, அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய கத்தல். பெட்டை தூக்கிய தலையை அப்படியே நிறுத்தியது. வினோதினி மூச்சு விடவில்லை. தூளியில் மதி அசைந்தாள், அதற்கும் மூச்சு விடவில்லை. குஞ்சு எழுந்தது, அதற்குப் பயப்படவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை, நேராகக் கொத்தினவள் காலுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு மறுபடி கத்தியது. அப்போது பெட்டையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நேற்றிலிருந்து வருகிற க்ளுக் இல்லை, அதைவிடத் தாழ்ந்தது, அடிவயிற்றிலிருந்து வருவது. இறக்கை இரண்டும் மெல்ல இறங்கின. குஞ்சு உள்ளே போய்விட்டது. இரண்டாவதை விட்டாள். கொத்தவில்லை. மூன்றாவது, நான்காவது. ஐந்தும் ஆறும் பெட்டியிலிருந்து தாமாகவே குதித்தன. பெட்டை அவற்றைக் கூட்டிக்கொண்டு முருங்கை நிழலுக்குப் போய், கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, நொய்யை ஒரு பருக்கை எடுத்துக் கீழே போட்டு, எடுத்துப் போட்டு, பிறகு முதல் முறையாகத் தானும் விழுங்கியது. கூடையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாத்து முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. வினோதினி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய லுங்கியை நாலாக மடித்து மேலே போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். இதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். சும்மா ஒரு மரியாதைக்கு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வாசலில் மண்வெட்டியைச் சாய்க்கிற சத்தம் கேட்டது. அத்தை கொல்லைக்கு வந்தாள். முருங்கை நிழலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாளித் தண்ணீரை எடுத்து சாவகாசமாகக் கால் கழுவினாள், ஒரு காலைக் கழுவி, இன்னொரு காலைக் கழுவி, முதல் காலை மறுபடி கழுவினாள்.

"யாரக் கேட்டு விட்ட?"

எப்போதும் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும், கோழியக் கேட்டேன் அத்த, அது சரின்னுச்சு என்கிற மாதிரி ஏதாவது. தேடினாள், இல்லை.

"யாரையும் கேக்கல அத்த."

"ஏழே ஏழு நாளு."

"தாங்காது அத்த அதுக்கு." நிறுத்தியிருக்கலாம், நிற்கவில்லை. "எனக்கும் தாங்காது. செவ்வாக்கெழம புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே தூங்கிட்டேன். மூக்க அடைச்சிக்கிச்சு. எந்திரிச்சிப் பாத்தா மூச்சு..."

அத்தை கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "புள்ள?"

"ஒண்ணுமில்ல. தும்முச்சு."

அத்தை உள்ளே போனாள். தூளிக்கு எதிரே நிற்பது தெரிந்தது, முதுகு மட்டும். விலக்கிப் பார்க்கிறாள், சேலையை மறுபடி சேர்க்கிறாள், அங்கேயே நிற்கிறாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லுங்கியை விலக்கி முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். மூன்றாவதை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு சுவரில் முதுகைக் கொடுத்து, காலை மடக்கி உட்கார்ந்து, வேலைக்கு மாட்டியிருந்த சட்டையின் பித்தானைக் கழற்றி, நான்கையும் வயிற்றோடு சேர்த்து உள்ளே வைத்து, முந்தானையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். வெயிலில் வெட்டிவிட்டு வந்த உடம்பு, அடுப்பு மாதிரிதான் இருக்கும்.

"என்ன அத்த பண்ணுறீங்க?"

"பாத்தா தெரியல? சோறு வடிச்சிட்டியா?"

"வடிச்சிட்டேன்."

"இங்க கொண்டாந்து வையி. தண்ணியும். என்னால எந்திரிக்க முடியாது."

"ஏழு நாளும் இப்படியேவா?"

"முடிஞ்ச மட்டும்." அத்தை முகத்தைத் திருப்பவில்லை, நேராகத்தான் பார்த்தாள். "என்ன நிக்கிற? சோத்த வச்சிட்டுப் போயிப் படு. தனியாப் படு, புள்ள தூளியிலயே கெடக்கட்டும். அழுதா கூப்புடுறேன். வரமாட்டேன், கூப்புடத்தான் செய்வேன்."

சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், சொம்பைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். அத்தை இடது கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வலது கையால் பிசைந்தாள், எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி. வினோதினி உள்ளே வந்து, தூளியை விட்டுத் தள்ளி, பாயில் மல்லாந்தாள். கரண்டு வந்துவிட்டது போல, மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. இதை வாணனிடம் எப்படிச் சொல்வது, உங்கம்மா அடையில உக்காந்திருக்காங்க என்றால் அவன் வண்டியை வயலிலேயே நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள், சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது, அது உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.